பெரியம்மாவோட மைக் டெஸ்டிங்

உக்காரச் சொல்லாதீங்க. உக்காந்தா எழுந்திரிக்க ஆள் வேணும். நம்ம வயசுக்காரங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நின்னுக்கிட்டும் நடந்துக்கிட்டும் சொல்றேன், கேட்டுக்கிட்டே வாங்க.

போன வாரம் வேங்கிக்கால்ல எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு கிரகப்பிரவேசம். ஆள் உசரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர் பொட்டிங்களை அடுக்கி, அடிச்ச அடியில எங்க ஜன்னல் கண்ணாடி ஆடுது. மருமக காதைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டா. நான் மட்டும் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு, பாட்டுக்கு நடுவுல எவனாச்சும் "மைக் டெஸ்டிங்"னு சொல்லுவானான்னு காத்திருந்தேன். ஒருத்தனும் சொல்லலை. இப்பல்லாம் மெஷினே பாத்துக்குதாம். அன்னிலருந்து எனக்கு மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. சமையல்கட்டுக்குப் போறேன், எதுக்கு வந்தேன்னு மறந்துட்டுத் திரும்பறேன்.

எங்க பெரியம்மா, எங்கம்மாவோட கூடப்பிறந்த அக்கா, திருவண்ணாமலை தேரடித் தெருவுல மைக் செட் கடை நடத்தினாங்க. நடத்தினது பெரியம்மாதான். போர்டுல இருந்தது பெரியப்பா பேரு. அவர் பேரைப் போட்டு, பக்கத்துல 'சவுண்ட் சர்வீஸ்'னு எழுதி, ரெண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் படம். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. வரைஞ்சவனுக்கு இடம் பத்தலை. பெரியப்பா பேரை நான் உங்ககிட்ட சொல்லப் போறதில்லை. பெரியம்மா சொல்லாத பேரை நான் எதுக்குச் சொல்லணும்?

நான் அங்க போனதே அம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்ததாலதான். அப்பா கீழ்பென்னாத்தூர்லருந்து என்னை பஸ்ல கூட்டிட்டு வந்து விட்டாரு. "நாலே நாளு, சமர்த்தா இரு"ன்னாரு. அந்த நாலு நாள் ஐப்பசியில ஆரம்பிச்சு கார்த்திகையிலயும் முடியலை. தெருமுனையில எந்த பஸ் ஹார்ன் அடிச்சாலும் அது கீழ்பென்னாத்தூர் பஸ்தான்னு ஓடுவேன். மழை வேற. தெருவெல்லாம் சேறு, பாவாடையெல்லாம் சேறு. எனக்கு அப்போ மூணாங்கிளாஸ் வயசு.

கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு வாசனை வரும் பாருங்க. ஈயம் உருகற வாசனை, பத்தவைக்கற பிசின் வாசனை, ஆம்ப்ளிஃபையர் சூட்டுல தூசி வேகற வாசனை. எல்லாம் சேந்து மூக்குல ஏறும். பெரியம்மா கொண்டையில பூ இருக்காது, டெஸ்டர் இருக்கும். மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர். அதைச் சொருகிக்கிட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போயிருக்காங்க. அவங்க உக்காந்து நான் பாத்ததில்லை. சோத்துத் தட்டையே கையில ஏந்திக்கிட்டு, ஒயரை மிதிக்காம அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டேதான் சாப்பிடுவாங்க.

பெரியப்பா நேர்மாறு. போர்டுக்குக் கீழ நாற்காலியைப் போட்டு உக்காந்தாருன்னா மத்தியானம் வரைக்கும் அசைய மாட்டாரு. நல்ல மனுஷன். அதட்டிப் பேசத் தெரியாது. காலையில கடையைத் திறந்ததும் மைக்கை எடுத்து, "டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்றது மட்டும் அவர் வேலை. அதை அவ்வளவு ஆசையா சொல்லுவாரு. மீதி வேலையெல்லாம் பெரியம்மாவும் ஆபரேட்டர் அண்ணனும். ஆபரேட்டர் அண்ணன்னா கம்பம் ஏறிக் குழாய் கட்டற ஆளு.

ஒரே ஒரு வேலை மட்டும் பெரியம்மாவால ஆகாது. கல்யாண வீட்ல, கோயில் விசேஷத்துல மைக்ல அறிவிப்பு சொன்னா, கடைசியில கடை பேரைச் சொல்லணும். அதுதானே விளம்பரம்? கடை பேருன்னா புருஷன் பேரு. பெரியம்மா கணீர்னு எல்லாத்தையும் சொல்லி, "ஒலி, ஒளி அமைப்பு..."ன்னு நிறுத்துவாங்க. ஆபரேட்டர் அண்ணன் குனிஞ்சு மைக்ல அந்தப் பேரை மட்டும் சொல்லிட்டு நிமிருவாரு. எங்க தெருவுல கீரை விக்கறவருக்கும் அதே பேரு. அவரைக்கூட பெரியம்மா "கீரைக்காரரே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் காலத்துப் பொம்பளைங்க அப்படி. சொன்னா புருஷன் ஆயுசு கம்மியாயிடும்னு ஒரு பேச்சு.

நான் போய்ச் சேந்த அந்த வாரமே அது நடந்துச்சு. வெளியூர்க்காரர் ஒருத்தர் காதுகுத்துக்கு மைக் செட் பேச வந்தாரு. பெரியம்மா பின்னாடி கிணத்தடியில இருந்தாங்க. பெரியப்பா நாற்காலியில, வந்தவருக்கு நேரா எதிர்ல உக்காந்திருக்காரு. வந்தவர் அவரைப் பாத்தாரு, அவரைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்தாரு. அப்புறம் அவர்கிட்டயே கேட்டாரு:

"கடையில யாருமில்லீங்களா?"

பெரியப்பா எழுந்து போய் பெரியம்மாவைக் கூட்டிட்டு வந்தாரு. மறுநாள் வேலூர்ல ஏதோ சாமான் வாங்கணும்னு போனவர் திரும்பி வரலை. எனக்கு அப்போ இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதாவே தோணலை.

கொஞ்ச நாள்ல சேதி வந்துச்சு. கொண்டு வந்தது பக்கத்து மெத்தைக் கடை பாய். பஞ்சு ஒட்டின கையோட வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, அவர் மலை சுத்தற பாதையில சாமியாருங்க கூட உக்காந்திருக்காரு. நான் சலாம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கிட்டாரு"ன்னாரு.

வெளியூர்க்காரன் வீட்டை விட்டு ஓடினா திருவண்ணாமலைக்கு வருவான். திருவண்ணாமலைக்காரன் எங்க ஓடுவான் சொல்லுங்க? தெருவைத் தாண்டி மலையடிவாரத்துல போய் உக்காந்தாரு.

பெரியப்பாவோட அக்கா, நாங்க அத்தைன்னு கூப்பிடறவங்க, மூட்டை முடிச்சோட வந்து இறங்கிட்டாங்க. வந்ததுலருந்து ஒரே பாட்டு. "உன் சாமர்த்தியம்தான் என் தம்பியைத் துரத்துச்சு. போய்க் கூட்டிட்டு வாயேன்."

"வழி தெரியாமப் போனவரைத் தேடலாம், அண்ணி. வழி தெரிஞ்சு போனவரை என்னன்னு தேடறது?"ன்னாங்க பெரியம்மா.

"அப்போ மைக்ல கூப்பிடு. ஊருக்கெல்லாம் கத்தறியே, ஒரு வார்த்தை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

பெரியம்மா சாலிடரிங் கம்பியைக் கீழ வெச்சாங்க. "கார்த்திகை தீபத்துக்கு மைக் கட்டற வேலை அவர் பேர்லதான் இருக்கு. அவர் இல்லைன்னு நானே மைக்ல சொன்னா திருவிழா கமிட்டிக்காரர் நாளைக்கே வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. தீபம் போச்சுன்னா கடை போச்சு. அப்புறம் உங்க தம்பி எதுக்குத் திரும்பி வரணும்? எங்க வந்து உக்காருவாரு?"

அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "யார் கேட்டாலும் பெரியப்பா ஒயர் லைன் பாக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு"ன்னாங்க. நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னேன். பால்காரர் கேட்டாலும் லைன், போஸ்ட்மேன் கேட்டாலும் லைன்.

அந்த நாள்லதான் டெஸ்டிங் பெரியம்மா கைக்கு வந்துச்சு. முத வேலையா மேஜை மேல ஏறி, கடை வாசல் குழாயைத் தெருவிலருந்து மலைப்பக்கமா திருப்பினாங்க. ஏன் பெரியம்மான்னு கேட்டதுக்கு, "அப்போதான் சத்தம் நல்லா வரும்"னாங்க. மலைப்பக்கம் யாரு இருக்கா கேக்கறதுக்குன்னு எனக்குத் தோணுச்சு. ஒண்ணு ரெண்டு மூணும் சொல்ல மாட்டாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க.

"டெஸ்டிங்... டெஸ்டிங்... பச்சை ஒயரை எலி கடிச்சிருச்சு. டெஸ்டிங். பேட்டரி ரெண்டு இறங்கிப் போச்சு. மேக்கால ஓடு ஒழுகுது. டெஸ்டிங்."

இன்னொரு நாள், "டெஸ்டிங்... இன்னிக்குக் கத்திரிக்காய் காரக்கொழம்பு. உப்பு ஜாஸ்தியாயிடுச்சு. டெஸ்டிங்."

தெருவே சிரிச்சுது. பாய் கடையிலருந்தே, "அம்மா, எங்க வூட்ல இன்னிக்கு தால்ச்சா, அதையும் சேத்துச் சொல்லிடுங்க"ன்னாரு. அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. புருஷன் போன துக்கம் கொஞ்சமாச்சும் இருக்கா பாருன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொன்னாங்க. எனக்கும் பெரியம்மா மேல கோவம்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை அவங்க. ரெக்கார்டு பொட்டியைக் காலையில அடுக்குவாங்க, மத்தியானம் கலைச்சு வேற மாதிரி அடுக்குவாங்க. சுத்தின ஒயரைப் பிரிச்சுத் திரும்பச் சுத்துவாங்க. ராத்திரி தூக்கத்துல கூட அவங்க கால் ஆடிக்கிட்டே இருக்கும், பக்கத்துல படுத்த எனக்குத் தூக்கம் வராது.

தீபத்தன்னிக்குக் காலையிலருந்தே தூறல். காணாமப் போனவங்களைக் கூப்பிடற கொட்டகை எங்க பொறுப்பு. நாலு மூங்கில், மேல தார்ப்பாய், உள்ள ஒரு பெஞ்சு, ஆம்ப்ளிஃபையர், மைக். மைக் தலையில பெரியம்மா தன்னோட கைக்குட்டையைக் கட்டியிருந்தாங்க, ஈரம் படக்கூடாதுன்னு. கிரிவலப் பாதை முழுக்கக் குழாய் கட்டியிருந்தோம். கற்பூரப் புகையும் ஈரத்துணி வாடையும் கார்த்திகைப் பொரியும். காணாமப் போன பசங்க அழுதுக்கிட்டு வந்தா அவங்களுக்குப் பொரி குடுக்கறது என் வேலை. பாதியை நானே தின்னுட்டேன்.

பசங்களைச் சமாளிக்கறது சுலபம். கஷ்டம் பொஞ்சாதிமாருங்க. புருஷனைத் தொலைச்சுட்டு வந்து நிப்பாங்க. பேர் என்னம்மான்னா சொல்ல மாட்டாங்க.

ஒரு அம்மா மலையைக் கையைக் காட்டினாங்க. "அண்ணாமலையா?"ன்னு பெரியம்மா கேட்டதும் வெக்கப்பட்டுத் தலையாட்டினாங்க. இன்னொருத்தங்க ஏழு விரலைக் காட்டி, அப்புறம் மலையைக் காட்டினாங்க. ஏழுமலை. வேற ஒருத்தங்க, "பாம்பு மேல படுத்திருப்பாரே"ன்னாங்க. ரங்கநாதனான்னா இல்லை, நாராயணனான்னா இல்லை, கடைசியில பெருமாள்னு வந்துச்சு. பெரியம்மாவுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. முதல்ல ஊரு, அப்புறம் பேரு, அப்புறம் "உங்கள் மனைவி காத்துக்கொண்டிருக்கிறார்". கடைசியில ஆபரேட்டர் அண்ணன் குனிஞ்சு கடை பேரு. அந்த ஆளுங்களும் எங்கிருந்தோ வந்து சேந்துடுவாங்க, திட்டும் வாங்கிக்குவாங்க.

மத்தியானத்துக்கு மேல கமிட்டிக்காரர் குடையோட வந்தாரு. பேட்ஜ் குத்தின, கனமான மனுஷன்.

"அம்மா, சார் எங்க?"

"லைன் பாக்கப் போயிருக்காருங்க."

"ஒரு மாசமாவா? ஊர்ல என்னென்னமோ பேசிக்கறாங்க. தீபம் ஏத்தறப்போ அவர் இங்க நிக்கணும். நான் என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கறோம். பொம்பளையை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் குடுக்க முடியாது."

"காலையிலருந்து நடக்கறது யார் வேலைங்க?"ன்னு கேட்டாங்க பெரியம்மா.

"அது சரிம்மா. ஆனா சார் வரட்டும்"னுட்டு அவர் கொட்டகை வாசல்லயே நின்னுக்கிட்டாரு. அத்தை பெஞ்சுல உக்காந்து பொரி மென்னுக்கிட்டே, "நான் அப்பவே சொன்னேன்"ன்னு ஆரம்பிச்சாங்க. அந்த நேரம் பாத்து ஒரு குழாய் ஊமையாயிடுச்சுன்னு ஆள் வந்து சொல்ல, ஆபரேட்டர் அண்ணன் ஓடிட்டாரு.

வெளிச்சம் மங்க ஆரம்பிச்சுது. பெரியம்மா நாலடி இந்தப் பக்கம், நாலடி அந்தப் பக்கம் நடந்தாங்க. கொண்டையிலருந்து டெஸ்டரை உருவினாங்க, திரும்பச் சொருகினாங்க. அப்போதான் சேத்துப்பட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தங்க நனைஞ்ச புடவையோட வந்தாங்க. வூட்டுக்காரரைக் காணோம்னாங்க. பேரு? ஆறு விரலைக் காட்டினாங்க. அப்புறம் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாங்க.

ஆறு, முகம். எனக்கே புரிஞ்சிடுச்சு. பெரியம்மாவுக்கா புரியாது?

பெரியம்மா அந்த ஆறு விரலைப் பாத்தாங்க. மலையைப் பாத்தாங்க. மைக்கைக் கையில எடுத்து, கைக்குட்டையை அவிழ்த்து, தொண்டையைச் செருமினாங்க.

அப்புறம் ஒரு பேரைச் சொன்னாங்க. ஆறுமுகம்னு சொல்லலை. பெரியப்பா பேரைச் சொன்னாங்க. "...அவர்களே. நீங்கள் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்புக் கொட்டகைக்கு வரவும். உங்கள் மனைவி உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்."

எப்பவும் முதல்ல சொல்ற ஊர் பேரைச் சொல்லலை. ஒலி, ஒளி அமைப்பும் சொல்லலை. திரும்ப ஒரு தடவை அதே பேரு, அதே சொல்லு. குரல் மட்டும் கடைசியில லேசா உடைஞ்சுது. அது மலை சுத்தி எல்லாக் குழாயிலயும் போச்சு.

அத்தை மெல்றதை நிறுத்திட்டாங்க. கமிட்டிக்காரருக்கு ஒண்ணும் வித்தியாசமா படலை, யாரோ சேத்துப்பட்டுக்காரரைக் கூப்பிடறாங்கன்னு கூட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தப் பேர்தான் ஊருக்கே இருக்கே. பாவம் சேத்துப்பட்டம்மாதான் தவிச்சுப் போயிட்டாங்க. அது இல்லைன்னு சொல்லணும்னா சரியான பேரைச் சொல்லணும். அதை எப்படிச் சொல்றது? என் பாவாடையைப் பிடிச்சு இழுத்து, ஆறு விரலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் பெரியம்மாவைப் பாத்தேன். அவங்க என்னைப் பாக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒரு ஆளு வேகமா வந்தாரு. தாடி. காவி கட்ட தைரியம் வரலை போல, வெள்ளை வேட்டியே மண்ணுல பொரண்டு செங்கல் கலர் ஆயிருந்துச்சு. மூச்சு வாங்குது. பெரியப்பா.

கொட்டகைக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "கூப்பிட்டியா?"ன்னாரு.

பெரியம்மா ஆம்ப்ளிஃபையர் பொத்தானைத் திருகிக்கிட்டே, "உங்களை யாருங்க கூப்பிட்டது? அது சேத்துப்பட்டுக்காரரு. இந்தம்மாவோட வூட்டுக்காரரு. அவருக்கும் உங்க பேருதான்"ன்னாங்க.

பெரியப்பா முகம் விழுந்துடுச்சு. திரும்பப் போற மாதிரி ஒரு காலைப் பின்னால வெச்சாரு.

அப்போ சேத்துப்பட்டம்மா வாயைத் திறந்தாங்க. "இல்லீங்கம்மா. எங்க வூட்டுக்காரர் பேரு அது இல்லீங்க"ன்னு சொல்லி, எல்லாருக்கும் தெரியற மாதிரி ஆறு விரலை உசத்திக் காட்டி, முகத்தைத் தொட்டாங்க.

பெரியம்மா குனிஞ்சு இல்லாத ஒயரைத் தேடினாங்க. காது ரெண்டும் செவந்து போச்சு. பெரியப்பா அந்தக் காலை முன்னாடி எடுத்து வெச்சு, கொட்டகைக்குள்ள வந்தாரு.

"வந்துட்டீங்களா சார்"னு கமிட்டிக்காரர் உள்ள எட்டிப் பாத்தாரு. "தாடி எதுக்கு?"

"வேண்டுதல்"னாங்க பெரியம்மா, பெரியப்பா வாயைத் திறக்கறதுக்குள்ள. "லைன் பாத்துட்டு இப்பதான் வராரு." கமிட்டிக்காரர் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, சரின்னு குடையை விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

பெரியம்மா திரும்ப மைக்கை எடுத்து ஆறுமுகத்தைக் கூப்பிட்டாங்க, இந்தத் தடவை ஊரோட, முறையா. "ஒலி, ஒளி அமைப்பு..."ன்னு வழக்கம் போல நிறுத்தினாங்க. குனியறதுக்கு ஆபரேட்டர் அண்ணன் இல்லை. குழாயெல்லாம் உம்முனு இரையுது.

பெரியப்பா மெதுவா, "நீயே சொல்லேன்"னாரு.

"ஒரு நாளைக்கு அவ்வளவுதான். நாக்கு சுட்டுப் போச்சு. உங்க கடைதானே, நீங்களே சொல்லுங்க"ன்னாங்க பெரியம்மா. அவர் குனிஞ்சு தன் பேரைத் தானே சொன்னாரு. புதுசா பள்ளிக்கூடத்துல சேந்த பையன் சொல்ற மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் வந்த வருஷமெல்லாம் தீபம் எங்களுக்குத்தான். அம்மா தேறி, நான் ஊருக்குப் போயி, ஒவ்வொரு கார்த்திகைக்கும் திரும்பி வருவேன். பெரியப்பா அதே நாற்காலியிலதான் இருப்பாரு. யாராச்சும் கடையில ஆளில்லியான்னு கேட்டா, "நான் இருக்கேன். வேலை பேசணும்னா அம்மாவைக் கூப்பிடறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. அத்தை சாகற வரைக்கும், "நான் சொல்லித்தான் மைக்ல கூப்பிட்டா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இப்போ கடை இல்லை, அந்த இடத்துல லாட்ஜு. போர்டு யார்கிட்ட போச்சோ. மஞ்சள் பிடி டெஸ்டரை நான் கேட்டு வாங்கியிருக்கணும், கேக்கலை.

அன்னிக்கு நடந்ததை முடிக்காம எங்கெங்கயோ போறேன் பாருங்க. ஆறுமுகம் பொரி மூட்டையோட வந்து சேந்தாரு, கொட்டகைக்குப் பின்னாலயே நின்னிருந்தாராம். சேத்துப்பட்டம்மா அவரை ஒரு வழி பண்ணிக் கூட்டிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல மலை உச்சியில தீபம் ஏறுச்சு. அரோகரான்னு ஊரே எழும்புது, எல்லாரும் மேல பாக்கறாங்க. நான் இவங்க ரெண்டு பேரையும்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

பெரியப்பா மலையைப் பாத்துக்கிட்டே, ஏதோ ரொம்ப நாளா மனசுல கிடந்ததைக் கேக்கற மாதிரி கேட்டாரு:

"இந்தா, அன்னிக்கு உப்பு ஜாஸ்தியாயிடுச்சுன்னியே. அந்தக் காரக்கொழம்பை என்ன பண்ணின?"

பெரியம்மா அவரைத் திரும்பிப் பாத்தாங்க. "ரெண்டு உருளைக்கிழங்கைப் போட்டுக் கொதிக்க வெச்சேன். சரியாப் போச்சு."

"அதை நீ மைக்ல சொல்லவே இல்லியே"ன்னாரு பெரியப்பா.

பெரியம்மா பக்கத்துல இருந்த பேட்டரிப் பொட்டி மேல உக்காந்தாங்க.